அப்டேட் ஆனதும் ப்ரௌசரில் எதைத் தொலைத்தீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பெரம்பூரிலிருந்து:

எங்கள் சித்தியின் போனில் தனியுரிமைக்கென்றே உள்ள ஒரு ப்ரௌசரைப் போட்டுக் கொடுத்திருந்தேன். திரையின் அடியில் ஒரு பட்டன், தட்டினால் அதுவரை பார்த்த பக்கங்கள், குக்கீகள் எல்லாம் போய்விடும். வீட்டில் ஸ்மார்ட்போன் அது ஒன்றுதான், பேரப்பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்ததும் அவர்கள் கைக்குப் போய்விடும், அதனால் சித்தி அந்தப் பட்டனைத் தட்டாமல் போனைக் கொடுக்கவே மாட்டார். உடம்பு சம்பந்தமாக அவர் தேடிப் படிப்பதை வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார். நியாயமான விருப்பம்.

ஒரு நாள் அது தானாக அப்டேட் ஆகிவிட்டது. முகவரிப் பட்டை கீழிருந்து மேலே போய்விட்டது, அந்தப் பட்டன் மூன்று புள்ளி மெனுவுக்குள்ளே, அதிலும் இன்னொரு பட்டியலைத் திறந்தால்தான் கண்ணில் படும். புதிய தோற்றம் வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு, அதில் சித்திக்குப் புரிந்தது ஓகே மட்டும். "ஏம்ப்பா, போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போலிருக்கு, அந்தப் பட்டனையே காணோம்" என்று பதறிப்போய்க் கூப்பிட்டார். நான் ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் காத்திருக்கவில்லை, நேராகப் பக்கத்து மொபைல் கடைக்குப் போய்விட்டார். கடைப் பையன் நல்ல எண்ணத்தில் அந்த ப்ரௌசரையே எடுத்துவிட்டு, போனோடு வந்ததைத் திறந்து கொடுத்து அனுப்பியிருக்கிறான். அதில் அவருடைய கணக்கு எப்போதும் உள்நுழைந்தே இருக்கிறது. இப்போது பேரன் தேடுபெட்டியில் ஓர் எழுத்து தட்டினாலே பாட்டி தேடியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது.

பட்டன் அழகாக இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. இந்த மாதிரி ப்ரௌசரில் பட்டன் எங்கே இருக்கிறது என்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான். உள்ளே, நாம் பார்ப்பதைப் பின்தொடரும் ட்ராக்கர்களை எவ்வளவு திறமையாகத் தடுத்தாலும், ஆள் பயந்து வெளியேறிவிட்டால் அது யாருக்குப் பயன்படும்? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சைதாப்பேட்டையிலிருந்து:

நான் ப்ரௌசிங் சென்டர் நடத்துகிறேன் சார். வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று எல்லாவற்றுக்கும் வருவார்கள், எல்லா மெஷினிலும் ப்ரௌசரைத் திறந்தாலே, பார்த்த பக்கங்களை நினைவில் வைக்காத பிரைவேட் விண்டோ வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். முன்பு பிடிஎஃப் ஒன்றைக் கிளிக் செய்தால் திறக்கவா, சேமிக்கவா என்று கேட்கும். திற என்றால் தற்காலிக இடத்தில் வைத்துத் திறக்கும், ப்ரௌசரை மூடியதும் அதுவும் போய்விடும். ஒரு அப்டேட்டில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். எதைத் தொட்டாலும் நேராக டௌன்லோட்ஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரைவேட் விண்டோவை மூடினால் ஹிஸ்டரி போகிறதே தவிர, ஃபோல்டரில் விழுந்த ஃபைல் அப்படியே கிடக்கிறது.

ஒரு அம்மா பிரின்ட் எடுக்க ஃபோல்டரைத் திறந்தால், அவர் தெருவில் இருக்கிறவருடைய ஆதாரும் சம்பளச் சீட்டும் அதில் இருந்தன. "என்னுதையும் இப்படித்தான் போட்டு வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி நியாயமானது, அதற்கு என்ன பதில் சொல்ல? ஒரு சாதாரண கேள்விப் பெட்டிதான், ஒரு கிளிக் மிச்சமாகட்டும் என்று எடுத்திருப்பார்கள். தன் வீட்டில் தனி கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அது வசதி, பத்துப் பேர் உட்காரும் நாற்காலியில் அது ஆபத்து. செட்டிங்ஸில் ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்லும் வசதி இருக்கிறது, எல்லா மெஷினிலும் அதைப் போட்டுவிட்டேன், மெஷினை ஷட்டவுன் செய்யும்போது ஃபோல்டரைக் காலி செய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்டும் வைத்திருக்கிறேன். சென்டர் நடத்துகிற மற்றவர்கள் இன்றைக்கே உங்கள் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

தரமணியிலிருந்து:

நான் டிசைன் வேலையில் இருப்பவன், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். ஃபயர்பாக்ஸ் ப்ரௌசரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் 29ஆம் பதிப்பில் தோற்றத்தை மாற்றினார்கள். பிடிக்காதவர்கள் பழைய தோற்றத்தைத் திருப்பித் தரும் கிளாசிக் தீம் ரெஸ்டோரர் என்ற நீட்சியை, அதாவது ப்ரௌசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருளை, போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது பழைய வகை நீட்சிகள் எல்லாமே நின்றுபோயின, அதுவும் போனது. அதற்குக் காரணம் இருந்தது, பழைய நீட்சிகள் ப்ரௌசரின் உள்பாகம் வரை கை வைக்கக்கூடியவை, வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் அவை தடையாக இருந்தன. ஆனால் 2021 ஜூனில் 89ஆம் பதிப்பில் டேப்களைத் தடிமனாக்கி, இடத்தை மிச்சப்படுத்தும் காம்பாக்ட் வசதியைப் பட்டியலிலிருந்து மறைத்ததற்கு அப்படி ஒரு காரணத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரிச்சி தெருவில் வாங்கும் பழைய லேப்டாப்கள் பலவற்றில் திரை 1366க்கு 768 பிக்சல்தான், அதில் உயரம் கொஞ்சம் குறைந்தாலும் தெரியும். அபௌட் கான்ஃபிக் என்ற மறைவான செட்டிங்ஸ் பக்கத்தில் போய் ஒரு ஸ்விட்சைத் தேடிப் போட்டால் காம்பாக்ட் திரும்ப வரும். அதைத் தேடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இதற்கு நேர்மாறாக, ஆளை அடையாளம் தெரியாமல் இணையத்தைப் பார்க்க உதவும் டோர் ப்ரௌசரைச் சொல்லலாம். 2019இல் 9.0 வந்தபோது பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிற ஓரம் தெரிய ஆரம்பித்தது. பார்க்க அசிங்கம்தான். ஆனால் ப்ரௌசர் ஜன்னலின் துல்லியமான அளவை வைத்தே ஆளை அடையாளம் காண முடியும் என்பதால், பக்கத்தின் அகலத்தை 200 பிக்சலின் மடங்காகவும் உயரத்தை 100 பிக்சலின் மடங்காகவும் வைக்கிறார்கள், மிச்சம்தான் அந்த ஓரம். இதை விளக்கிச் சொன்னபோது என் நண்பர்கள் யாரும் குறை சொல்லவில்லை, ஒருத்தி நிம்மதியாகவே இருக்கிறது என்றாள். அப்புறம் ஃபயர்பாக்ஸில் 2025 மார்ச்சில் வந்த, பக்கவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் செங்குத்து டேப்கள், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவருக்கு எதுவும் மாறவில்லை. புதுசு எல்லாமே இப்படி வரலாமே.

மயிலாப்பூரிலிருந்து:

எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, பட்டன் எங்கே என்பதைப் பார்த்து அல்ல, கைப்பழக்கத்தில்தான் போவார். அவர் வைத்திருந்த ப்ரௌசர் அடுத்தடுத்து முகம் மாறியதும் யாரையோ கேட்டு அப்டேட்டையே நிறுத்திவிட்டார். நான் ஊரிலிருந்து வந்து பார்த்தால், மாதக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் ஏறாத ப்ரௌசரில் பென்ஷன் கணக்கைத் திறந்துகொண்டிருக்கிறார். திட்ட மனசு வரவில்லை. தோற்ற மாற்றத்தையும் பாதுகாப்புத் திருத்தத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால், ஒன்றுக்குப் பயந்தவர் இரண்டையும்தான் ஒதுக்குவார்.

இப்போது அவருக்கு ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போட்டிருக்கிறேன், இஎஸ்ஆர் என்பார்கள். பெரிய மாற்றங்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், இடையில் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். டோர் ப்ரௌசரும் இதன் மேல்தான் கட்டப்பட்டது. பெரம்பூர் அண்ணா, கம்ப்யூட்டருக்கு இது சரி, உங்கள் சித்தி மாதிரி போனில் பார்ப்பவர்களுக்கு இப்படி நிதானமாக மாறுகிற ஒன்றை யாராவது பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா? அம்மாவின் போனுக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன்.