தூண் நகரும் மில்லிங் எந்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பட்டறைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 4 மீட்டர் எஃகுச் சட்டத்தை எந்த மில்லிங் எந்திரத்தில் ஏற்றுவது என்ற பகுதியில் நிற்கிறேன். மேசை நகரும் வகையில், உலோகத்தைச் செதுக்கும் கட்டர் ஒரே இடத்தில் சுழலும். பொருள்தான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும். அதற்குத் தரையில் 8 மீட்டராவது வேண்டும். சிங்கப்பூர் வாடகைக்குக் கட்டுபடியாகுமா? இன்னொரு வகையில் பொருள் அசையாமல் கிடக்கும், கட்டரைத் தாங்கும் தூணே நகரும். 'துருவல் எந்திரம்' வரை வந்துவிட்டேன். முன்னால் என்ன போடலாம்?

பயிற்றுநர், துவாஸ்

மறுமொழி:

தம்பி, 'ஊர்தூண்' என்று எழுதுங்கள். வினைத்தொகை. ஊர்ந்த, ஊர்கின்ற, ஊரும் தூண் என்று விரியும். வல்லெழுத்து மிகாது, 'ஊர்த்தூண்' என்று அச்சிட்டுவிடாதீர்கள். துருவல் நல்ல தேர்வு. 'தோட்டம் துரவு' என்கிறோமே, அந்தத் துரவும் துருவிய கிணறுதான் என்பது என் எண்ணம். இரும்பில் பிடிக்கும் துருவும் உலோகத்தைத் துளைப்பதால் வந்த பெயராக ஏன் இருக்கக்கூடாது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

மறுமொழி:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ஊர்தூண்' என்றால் எங்கள் பையன்கள் ஊர் எல்லையில் நட்ட தூண் என்பார்கள். பட்டறையில் தூணை ஆங்கிலத்தில் (column) 'காலம்' என்றுதான் பேச்சு. அதை எழுதவும் முடியாது: 'காலம் நகரும் எந்திரம்' என்று போட்டால் முதலாளி கால எந்திரம் வாங்கிவிட்டார் என்று ஊரே கிளம்பிவிடும்.

துருவல் சரிதான். ஆனால் தேங்காய் துருவும்போது பல் நிற்கிறது, தேங்காய்தான் நகர்கிறது. அது மேசை நகரும் வகை. இங்கே நகர்வது தூண் என்று பெயரிலேயே தெரிய வேண்டும்.

மேற்பார்வையாளர், ஜூரோங்

மறுமொழி:

கேன்ட்ரி வகையை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! இரு பக்கமும் தூண், மேலே பாலம். பொருள் நீளத்தோடு அகலமும் கனமும் உள்ளதென்றால் அதுதான் ஏற்றது. ஒற்றைத் தூணிலிருந்து கட்டரை வெகுதூரம் நீட்டினால் அதிரும். 1998-இலிருந்து ஈ.ஆர்.பி. சாலைக் கட்டண வளைவுக்கு அடியில் காசு கட்டும் நமக்குக் கேன்ட்ரி புதிதில்லை. தமிழ்தான் வேண்டும் என்றால் 'தோரணத் துருவல்' என்கிறேன். தோரணம் வடசொல் என்று ஐயா கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: மணிமேகலை விழாவறை காதையில் 'தோரண வீதி' இருக்கிறது. இத்தனை காலம் குடியிருந்த சொல்லுக்கு இன்னுமா நிரந்தரவாசம் கிடைக்கவில்லை?

மொழிபெயர்ப்பாளர், தெம்பனிஸ்

மறுமொழி:

தெம்பனிஸ் அக்கா சொன்னது சரி. தம்பி, பெயர் எதுவானாலும் இதையும் கையேட்டில் சேருங்கள். சின்ன எந்திரத்தில் பாதி பாதியாக நகர்த்திப் பிடித்து வெட்டினால், இரண்டு பாதியும் சேருமிடத்தில் படி விழும். அப்புறம் சூடு. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். குளிரூட்டாத பட்டறையில் காலையில் ஏற்றிய 4 மீட்டர் சட்டம் பிற்பகலில் 5 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் கூடிவிடும். பழி எந்திரத்தின் மேல் விழும்.

ஜூரோங்

மறுமொழி:

நன்றி. 'தூண் நகரும் துருவல் எந்திரம்' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். கேன்ட்ரி கேன்ட்ரியாகவே இருக்கட்டும். சூட்டுக் கணக்கையும் சேர்த்துவிட்டேன்.

துவாஸ்

மறுமொழி:

நான்கு சொல் கோத்தால் அது விளக்கம் தம்பி, பெயர் ஆகாது. என் வாக்கு ஊர்தூணுக்கே. துரவு பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன்.

ஈசூன்