வயிறு கெட்ட நாய்க்கு வீட்டில் நாங்கள் பார்த்த பக்குவம்

விருதுநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை இன நாய்க்கு நான்கு வயது. கறுப்பன் என்று கூப்பிடுவோம். காதுகுத்து விருந்துக்கு வந்த பிள்ளைகள் இலையில் மீந்த பிரியாணியை அவனுக்கு ஊட்டிவிட்ட செய்தி, மறுநாள் விடியற்காலையில் அவன் இரண்டு முறை வாந்தியெடுத்து, தண்ணீராகக் கழிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எதையாவது கொடுத்து உடனே நிறுத்திவிடக் கை துடித்தது. ஆனால் தொலைபேசியில் எங்கள் கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்பதைத்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தபோது வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பியது. (ஈறே கறுத்திருக்கும் நாய்களுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.) பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டதும் படிந்தது, வயிற்றைத் தொட்டால் முனகவில்லை, கூப்பிட்டால் வாலாட்டினான். இவ்வளவும் சரியாக இருந்ததால்தான் வீட்டிலேயே வைத்துப் பார்க்க அவர் சம்மதித்தார்.

அன்று பகலில் உணவு வைக்கவில்லை. கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தால் மடமடவென்று குடித்து அப்படியே கக்கிவிடுவான் என்பதால், அரை மணிக்கொரு முறை சில கரண்டி மட்டும் ஊற்றி வைத்தோம். வாந்தி நின்றபின் மாலையில், தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கிய கோழிக்கறியை உப்போ தாளிப்போ இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த சோறு சேர்த்துப் பிசைந்து, ஒரு கைப்பிடி கொடுத்தோம். அடுத்த இரண்டு நாட்களும் அதையே நாளைக்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் மலம் கட்டியானது. அதற்குப் பிறகும் பழைய உணவுக்கு முழுமையாக மாற நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டோம்.

பிரியாணியில் காரத்தைவிட எனக்கு அச்சம் தந்தவை வெங்காயமும் பூண்டும்தான். அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. பாதிப்பு சில நாள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறதா, ஈறு வெளுக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியிருப்பது வளர்ந்த நாய்க்குப் பொருந்தும். குட்டிக்குப் பொருந்தாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பது வாரக் குட்டி ஒன்றைத் தடுப்பூசி போடாத நிலையில் வாங்கி வந்தோம். கழிச்சல் தொடங்கியதும் பட்டினி போட்டோம், பிறகு தயிர்ச்சோறு கொடுத்தோம், அம்மா மாதுளம் தோலைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைப் புகட்டினார். மறுநாள் மாலை இரத்தமும் தாங்க முடியாத நாற்றமுமாகக் கழிந்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். ஆறு நாட்கள் டிரிப்ஸ் ஏற்றி, தெய்வாதீனமாகப் பிழைத்தது.

குட்டியைப் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதும், பால் பொருள்கள் கழிச்சலை இன்னும் கூட்டக்கூடும் என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது. குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசியைத் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், பிளீச்சிங் பவுடர் கரைசலால் முற்றத்தைக் கழுவிய பிறகும் நெடுநாள் வேறு குட்டியை நாங்கள் உள்ளே விடவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் லேப்ரடாருக்குக் கழிச்சல் கண்டபோது, அப்பா காதைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று நினைத்து, பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைச் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். அந்த மாத்திரை நாயின் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போனதால், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பதை எடையோடு ஒப்பிட்டு அவர் கணக்கிட முடிந்தது. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. பேதியை நிறுத்த நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையையும் தன்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றார் அவர். கோலி போன்ற இனங்களில் சில நாய்களுக்கு அது மூளை வரை சென்று நஞ்சாகிவிடுமாம்.

இன்னொன்றையும் அன்றுதான் சொன்னார். அகன்ற மார்புள்ள பெரிய நாய் வயிறு உப்பி, எதுவும் வெளியே வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது வீட்டில் அரை மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை அப்பாவே பெரிய எழுத்தில் எழுதி, நாய்க்குச் சோறு வைக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார்.