4294967297-ல 641 எப்படி சிக்குச்சு? கொஞ்சம் புரிய வைங்க

நண்பர்களே, ரெண்டு நாளா இந்த ஒரே நம்பர்லயே மாட்டிக்கிட்டு இருக்கேன், 4294967297, அதாவது 2-ஓட 32-ஆவது அடுக்கு கூட்டல் 1. கணித மேதை ஃபெர்மா இதை பகா எண்ணுன்னு நம்புனாரு, ஆனா 1732-ல இன்னொரு கணித மேதை ஆய்லர் 641 × 6700417-னு உடைச்சுட்டாரு. நானே பேப்பர்ல பெருக்கிப் பார்த்தேன், கடைசி இலக்கம் வரைக்கும் பிசகாம வருது, அவ்ளோ அழகு!

இதோட பகாக் காரணி எதை எடுத்தாலும் 64-ஆல வகுத்தா மீதி 1 தான் வருமாம், அதனால 193, 257, 449, 577 இதெல்லாம் போட்டுப் பார்த்துட்டு அஞ்சாவதா 641-லயே சிக்கிடுது. ஆனா அந்த மீதி 1 ஏன் கட்டாயம் வரணும்? ஃபெர்மாவோட சிறிய தேற்றம் (p ஒரு பகா எண், அது a-ஐ மீதியில்லாம வகுக்கலைன்னா, a-ஓட (p-1)-ஆவது அடுக்கை p-ஆல வகுத்தா மீதி 1) வரைக்கும் புரியுது, அதுக்கப்புறம் 64 எங்கிருந்து வந்து குதிக்குதுன்னுதான் பிடிபடல. தெரிஞ்சவங்க யாராச்சும் படிப்படியா எழுதுங்க ப்ளீஸ், நடுவுல ஒரு ஸ்டெப் கூட விடாம.