முதலில் கண்ணை வை, அப்புறம் காலை வை

பாளையங்கோட்டையைச் சுற்றிப் பதினெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கிறேன். போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகாராஜநகர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு ஆச்சியும் பத்து வயசுப் பேரனும் இருக்கிறார்கள் என்று போன் வந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

நாங்கள் போவதற்குள் வாட்ச்மேன் அண்ணாச்சி முக்கோணச் சாவியைப் போட்டு இரண்டாவது மாடிக் கதவைத் திறந்துவிட்டார். உள்கதவையும் தள்ளியாயிற்று. பெட்டியின் தரை என் நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "குதி, பிடிச்சுக்கிடுதோம்" என்று நாலு பேர் கையை நீட்டுகிறார்கள். பையன் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருக்கிறான்.

அந்தக் கால்களுக்குப் பின்னால் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பெட்டிக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இருட்டு வாய், அதற்கும் கீழே இரண்டு மாடிப் பள்ளம். குதிக்கிறவன் கால் நாற்காலியில் வழுக்கினால் உடம்பு பின்னால் சாயும், நேரே அந்த வாய்க்குள்தான். எங்கள் தொழிலில் கேள்விப்படும் சாவுகளில் இது ஒன்று. கயிறு அறுந்து செத்தவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஏலே, குதிக்காதல! உள்ள போய் உட்காரு" என்று கத்தினேன். ஆச்சி நடுங்கிக்கொண்டே, "ஐயா, கயிறு அந்துருமோ?" என்றார்கள். "ஒத்தக் கயிறு இல்ல ஆச்சி, நாலு இரும்புக் கயிறு. அப்படியே வேகமா இறங்குனாலும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிறதுக்குத் தனி பிரேக் இருக்கு. மூச்சு முட்டாது, காத்து வர வழி இருக்கு" என்றேன். 1850களிலேயே ஓட்டிஸ் என்பவர் நியூயார்க்கில் கூட்டத்துக்கு நடுவே கயிற்றை வெட்டிக் காட்டி நிரூபித்த விஷயம் அது. அதை ஆச்சியிடம் சொல்ல அப்போது நேரமில்லை.

தம்பியை அங்கேயே நிறுத்தி, இரண்டு கதவையும் சாத்தச் சொல்லிவிட்டு மொட்டை மாடி மோட்டார் ரூமுக்கு ஏறினேன். முதல் வேலை மெயினை அணைப்பது. பாதியில் கரண்ட் வந்து பெட்டி நகர்ந்தால் எல்லாம் போச்சு. அப்புறம் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஆறு பேர், 408 கிலோ தாங்கும் லிஃப்ட் அது. உள்ளே இரண்டே பேர் என்பதால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடைதான் கனம், பெட்டி தானாக மேலே ஏறும். மூன்றாவது மாடி மட்டத்துக்கு வந்ததும் பிரேக்கைப் பிடித்தேன். ஆச்சி நடந்தே வெளியே வந்தார்கள்.

கரண்ட் போனால் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி. அந்த லிஃப்டிலும் இருக்கிறது. பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது, மாற்றவில்லை. தமிழ்நாட்டில் லிஃப்டுக்கென்று 1997-லேயே சட்டம் வந்துவிட்டது, உரிமம் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பேட்டரிக்குத்தான் பணம் இல்லை என்கிறார்கள்!

எஸ்கலேட்டரைப் பற்றியும் ஒன்று. தீபாவளிக் கூட்டத்தில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள் சேலைக் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். படி முடியும் இடத்தில் சீப்பு மாதிரி பல் இருக்கும், துணியும் ரப்பர் செருப்பும் அங்கேதான் மாட்டும். அப்படி மாட்டினால் நிறுத்துவதற்கு மேலேயும் கீழேயும் சிவப்பு பட்டன் உண்டு. "கைப்பிடியைப் பிடிங்க" என்று கத்திவிட்டு அழுத்துங்கள், சட்டென்று நின்றால் மற்றவர்கள் விழுவார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், "கதவு திறந்தா முதல்ல கண்ணை வை, அப்புறம் காலை வை" என்பார். பெட்டி நிற்கிறது என்ற நினைப்பில் சாவி போட்டுத் திறந்து, இருட்டுக்குள் கால் வைத்தவர்கள் உண்டு. அதனால் அன்றைக்கே அந்த முக்கோணச் சாவியை வாங்கிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சிக்கு வருத்தம். "உள்ள பிள்ளை அழுதா நான் சும்மா நிக்கவா?" என்றார். நியாயமான கேள்விதான். மறுநாள் சாயங்காலம் போய் அவரை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய், மெயின் சுவிட்ச் எது என்று காட்டி, சிவப்பு பெயிண்டில் எழுதி, பக்கத்திலேயே என் போன் நம்பரையும் எழுதிவிட்டு வந்தேன்.