அறுபதாம் கல்யாணத்துக்குக் கையால் செய்யும் அழைப்பிதழும் போட்டோ பெட்டியும்: மடிப்பு வெடிக்குது, மூடி இறங்கலை

வண்ணத்தாள்:

வணக்கம். அப்பாவுக்கு ஆவணியில் அறுபதாம் கல்யாணம். நெருங்கின சொந்தங்களுக்கு மட்டும் 40 அழைப்பிதழ் கையால செஞ்சு நேர்ல கொடுக்கணும். அளவு 5-க்கு 7 அங்குலம், நடுவில மடிக்கிற அட்டை. கூடவே அப்பா அம்மாவுக்குப் பரிசா, மூடியைத் தூக்கினா நாலு பக்கமும் விரியிற போட்டோ பெட்டி ஒண்ணு.

மாதிரிக்கு ஒண்ணொண்ணு செஞ்சதுல வந்த சிக்கல்:

அடர் சிவப்பு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட கிராம் எடை) அட்டை. மடிச்சா மடிப்பு நெடுக வெள்ளையா வெடிச்சு நிக்குது.

அச்சடிச்ச உள்தாளை ஃபெவிகால் தடவி ஒட்டினா அலை அலையா எழும்புது. மறுநாள் பார்த்தா அட்டையே வளைஞ்சிருக்கு.

பெட்டி 4 அங்குலம், மூடியும் 4 அங்குலம். மூடி பெட்டி மேல இறங்கவே இல்ல.

இன்னும் ரெண்டு கேள்வி. 40 அழைப்பிதழுக்கு எத்தனை ஷீட் வாங்கணும்? எல்லாத்துலயும் குவில்லிங் பூ (காகிதக் கீற்றைச் சுருட்டிச் செய்யிறது) வச்சா நல்லாருக்குமா?

பைண்டிங் மேசை:

மடிப்பு வெடிப்பதற்கு மூன்று காரணம் உண்டு. உங்கள் அட்டையில் மூன்றுமே இருக்க வாய்ப்பு அதிகம்.

முக்கியமானது நார் ஓட்டம். மெஷினில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். மடிப்பு அந்தத் திசையிலேயே போனால் நார்களுக்கு நடுவே மடங்கும். குறுக்கே போனால் நார்களையே முறிக்கும். 80 ஜிஎஸ்எம் தாளில் இது தெரியாது, 300-ல் அப்பட்டமாகத் தெரியும். சோதிக்க, அட்டையின் எதிரெதிர் ஓரங்களை மடிக்காமல் ஒன்றுசேர்த்து, வளைவின் மேல் உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். பிறகு மற்ற இரண்டு ஓரங்களையும் அதேபோலச் செய்யுங்கள். எந்த வளைவு சுலபமாக அமுங்குகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் நாரின் திசை. சந்தேகம் தீராவிட்டால் இரண்டு அங்குலச் சதுரம் வெட்டி ஒரு முகத்தை மட்டும் ஈரமாக்குங்கள். அது குழல் மாதிரி சுருளும். குழலின் நீளவாட்டமே நார்.

இரண்டாவது, வாங்கிய அட்டையின் ரகம். மூலையைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடம் வெள்ளையாக இருந்தால் நிறம் மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கிறது. அந்த அட்டையை எவ்வளவு கவனமாக மடித்தாலும் கொஞ்சமாவது வெள்ளை தெரியும். கூழிலேயே சாயம் கலந்த அட்டை உள்ளும் புறமும் ஒரே நிறமாகக் கிழியும். அடர் நிறம்தான் வேண்டும் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடுதல்தான்.

மூன்றாவது, கோடு அமுக்காமல் மடிப்பது. ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரே கோட்டில் இரண்டு மூன்று முறை அழுத்தி இழுங்கள். அடியில் நாலைந்து நியூஸ் பேப்பர் விரித்திருந்தால்தான் பள்ளம் விழும். மடிக்கும் திசையில்தான் பலரும் தவறுகிறார்கள். பேனா போட்ட பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம் வரவேண்டும், பின்னால் எழும்பும் மேடு உள்பக்கம் அடங்கவேண்டும். பள்ளத்தை உள்ளே வைத்து மடித்தால் வெளித்தோல் இழுபட்டு வெடிக்கும். கட்டர் கத்தியால் பாதி ஆழம் கீறி மடிப்பது வேண்டாம். பார்க்க நேர்த்தியாக இருக்கும், நாலு தடவை திறந்து மூடினால் கிழிந்துவிடும்.

ஷீட் கணக்கு: பெரிய அட்டை 23-க்கு 36 அங்குலத்தில் கிடைக்கும். உங்கள் அட்டை விரித்த நிலையில் 10-க்கு 7. பத்து அங்குலத்தை 23 பக்கம் வைத்தால் இரண்டு, ஏழு அங்குலத்தை 36 பக்கம் வைத்தால் ஐந்து, ஆக ஒரு ஷீட்டில் 10 அட்டை. திருப்பி வைத்தால் 9-தான். 40-க்கு 4 ஷீட் போதும், வெட்டிலும் மடிப்பிலும் கெடுவதற்காக 5 வாங்குங்கள். மடிப்புக் கோடு 7 அங்குலப் பக்கம் போவதால் நார் 36 அங்குலப் பக்கம் ஓடும் ஷீட்டாகப் பார்த்து எடுங்கள். சென்னை என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு கடைகளில் எல்லா ரகமும் பார்க்கலாம். அங்கேயே கட்டிங் மெஷினில் வெட்டி வாங்கிவிடுங்கள். கையால் வெட்டினால் ஐம்பது அட்டையும் ஒரே சதுரமாக வராது. அழைப்பிதழுக்கு 300 தேவையில்லை, 250 ஜிஎஸ்எம் கையில் திடமாகவே நிற்கும்.

பசைக்கிண்ணம்:

அலைக்குக் காரணம் பசையில இருக்கிற தண்ணி. தாள் ஈரம் குடிச்சதும் நாருக்குக் குறுக்கே விரியும். விரிஞ்ச நிலையில ஒட்டிக்கிட்டு, காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கும். மறுநாள் வளையிறது அதனாலதான்.

உள்தாளை முழுக்க ஒட்டவே வேண்டாம். 100 ஜிஎஸ்எம் தாளை 9.5-க்கு 6.75 அங்குலமா வெட்டி, தனியா நடுவில மடிங்க. மடிப்பு ஓரமா, பின்பக்கத்துல ஒரே ஒரு பக்கமா 3 மி.மீ. அகலத்துக்குப் பசைக்கோடு இழுத்து, அட்டையோட மடிப்புக்குள்ள உட்கார வைங்க. மத்த இடமெல்லாம் சும்மா இருக்கட்டும். அட்டை திறந்து மூடும்போது உள்தாள் தன்னிஷ்டத்துக்கு நகரும், சுருங்காது. மடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினீங்கன்னா மூடும்போது தாள் இடம் பத்தாம நடுவில மடங்கி நிக்கும். உள்தாளோட நாரும் மடிப்புத் திசையிலேயே ஓடணும்.

முழுசா ஒட்டியே ஆகணும்னா (பெட்டியோட சுவர்ல டிசைன் தாள் ஒட்டும்போது) குழாயிலேருந்து நேரா பிழியாதீங்க. பழைய விசிட்டிங் கார்டை வச்சு மயிரிழை கனத்துக்கு வழிச்சுத் தடவுங்க. நடுவிலேருந்து ஓரத்துக்குத் தேய்ச்சு, மேலயும் கீழயும் பட்டர் பேப்பர் வச்சு, கனமான புத்தகத்துக்கு அடியில ராத்திரி முழுக்க விட்டுடுங்க. சீக்கிரம் காயட்டும்னு ஃபேன் காத்துல வைக்கவே கூடாது, ஒரு பக்கம் மட்டும் முதல்ல காய்ஞ்சு வளைஞ்சிடும்.

போட்டோவுக்கு ஃபெவிகால் வேண்டாம். மெல்லிய டபுள் சைடு டேப் நாலு ஓரத்துலயும் போதும். உடனே ஒட்டுற குவிக் பசையைப் போட்டோ பக்கத்துல கொண்டுவராதீங்க, அதோட ஆவி பட்டு வெள்ளைப் படலம் படியும்.

தங்க நிற ஜெல் பேனாவுல பேர் எழுதுறதா இருந்தா, உள்தாள் ஒட்டுறதுக்கு முன்னாடியே எழுதிப் பரப்பி வச்சுடுங்க. அடர் நிற அட்டையில அந்த மை மெதுவாத்தான் காயும்.

கட்டரும் ஸ்கேலும்:

பெட்டிக்கு வருகிறேன். 4 அங்குலப் பெட்டிக்கு 4 அங்குல மூடி சேராது. பெட்டி அளவு என்பது மடிப்புக்கு மடிப்பு அளந்தது. அதற்கு வெளியே அட்டையின் கனம் இருக்கிறது, மேலே ஒட்டிய தாளின் கனம் இருக்கிறது, நாலு சுவரும் கொஞ்சம் வெளியே சாயும் குணமும் இருக்கிறது. மூடி பெட்டியைவிட 1/8 அங்குலம், அதாவது 3 மி.மீ., பெரிதாக இருக்கவேண்டும். அதைவிடத் தளர்ந்தால் சுவர்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு யோசனை: 4 அங்குலத்தை விட்டு 3.75-க்கு வாருங்கள். 4 அங்குலப் பெட்டிக்கு 12 அங்குலச் சதுரம் வேண்டும். 23 அங்குல அகலத்தில் 12 ஒன்றுதான் உட்காரும். 3.75 என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கும் மூன்று அடுக்கும் மூடியும் ஒரே ஷீட்டில் அடங்கிவிடும்:

வெளி அடுக்கு: 11.25 அங்குலச் சதுரம், 3.75-இலும் 7.5-இலும் கோடு.
நடு அடுக்கு: 10.5 சதுரம், 3.5-இலும் 7-இலும் கோடு.
உள் அடுக்கு: 9.75 சதுரம், 3.25-இலும் 6.5-இலும் கோடு.
மூடி: 5 7/8 சதுரம், நாலு ஓரத்திலிருந்தும் 1 அங்குலம் தள்ளிக் கோடு.

அடுக்குகளில் நாலு மூலைச் சதுரத்தையும் வெட்டி எடுத்தால் சிலுவை வடிவம் வரும். மூடியில் மூலையை வெட்டி எறியாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நறுக்கி, அதை உள்ளே மடித்து ஒட்டும் நாக்காக வையுங்கள்.

பைண்டிங் மேசை சொன்ன நார் விஷயம் இங்கே ஒரு சங்கடம் தரும். பெட்டியில் மடிப்பு இரண்டு திசையிலும் இருப்பதால் இரண்டு மடிப்பு கட்டாயம் நாருக்குக் குறுக்கேதான் விழும். அதனால்தான் பெட்டிக்கு 220 ஜிஎஸ்எம்மைத் தாண்டவேண்டாம் என்கிறேன். குறுக்கு மடிப்புகளைக் கூடுதலாக இரண்டு இழுப்பு இழுங்கள். இல்லையென்றால் மூடியைத் தூக்கும்போது இரண்டு சுவர் விழும், இரண்டு நின்றுகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு சுவரின் இரு ஓரத்திலும் மேல்முனையில் 1 மி.மீ. சரிவாகச் சீவிவிடுங்கள். மூடும்போது மூலையில் ஒன்றோடு ஒன்று இடிக்காது.

அடுக்குகளை ஒட்டும்போது நடுச் சதுரத்தை மட்டும் ஒட்டுங்கள். அடுக்குக்கு அடுக்கு ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது. போட்டோவும் அதன் பின்னணித் தாளும் தாராளமாக அடங்கும். ஃபோம் டேப், முத்து, குவில்லிங் எதுவும் அடங்காது. குவில்லிங் கீற்றே 3 மி.மீ. அகலம், பசையோடு வைத்தால் அடுத்த சுவரில் இடிக்கும். அவையெல்லாம் மூடியின் மேல்முகத்துக்கு. வெளிச்சுவரில் ரிப்பன் ஒட்டினாலும் மேலே 1 அங்குலத்தை வெறுமையாக விடுங்கள், மூடி இறங்கும் இடம் அது.

போட்டோ எல்லாம் 2.75 அங்குலச் சதுரமாக ஒரே அளவில் வையுங்கள். 8-க்கு 12 ஸ்டூடியோ பிரிண்ட் ஒன்றில் எட்டுப் படம் அடங்கும். மூன்று அடுக்கின் 12 சுவருக்கு இரண்டு பிரிண்ட் போதும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வெட்டாதீர்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பிரிண்ட் போடுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட்டில் ஈரக்கை பட்டால் மை கசிய வாய்ப்புண்டு, அதனால் ஸ்டூடியோ பிரிண்ட்டே நல்லது.

நடுவில் வைப்பது 2.75 அங்குல அடிக்குள், 3 அங்குல உயரத்துக்குள் இருக்கட்டும். இரண்டு மாலை செய்யலாம். 10 மி.மீ. கீற்று 20 செ.மீ. எடுத்து, 7 மி.மீ. ஆழத்துக்குப் பொடிப்பொடியாக நறுக்கி, 3 மி.மீ. கீற்றில் சுற்றிய இறுக்கமான மையத்தின்மேல் சுற்றினால் ஒரு செவ்வந்தி. இதழ்களைப் பசை காய்ந்த பிறகு விரியுங்கள், ஈரத்தில் விரித்தால் சுருள் அவிழும்.

காகிதச்சக்கரம்:

அறுபதாம் கல்யாணத்துக்கே உரிய ஒரு காகித வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பிறந்த தமிழ் வருஷமே திரும்ப வருவதுதான் அறுபதின் சிறப்பு. 1966–67 பராபவ, 2026–27-உம் பராபவ. இதைச் சுழலும் சக்கரமாகச் செய்து பெட்டியோடு தனி அட்டையாகக் கொடுக்கலாம்.

11.5 செ.மீ. விட்டமுள்ள வட்டம். சுற்றளவு ஏறக்குறைய 36 செ.மீ., 60-ஆல் வகுத்தால் ஒரு வருஷத்துக்கு விளிம்பில் 6 மி.மீ., கோணத்தில் 6 டிகிரி. பிரபவ தொடங்கி அட்சய வரை பெயர்களை ஆரத்தின் திசையில் 8 பாயின்ட் எழுத்தில் அச்சடியுங்கள். உள்வட்டத்தில் அந்தந்தப் பெயருக்கு நேராக இரண்டு ஆங்கில வருஷம். முதலில் ருத்ரோத்காரியை அடித்துப் பாருங்கள். அது அடங்கினால் எல்லாம் அடங்கும்.

5-க்கு 7 அட்டையின் முன்பக்கத்தில் சக்கரத்தின் மையம் வலது ஓரத்திலிருந்து 6 செ.மீ. உள்ளே. வலது ஓரத்தில் 1 செ.மீ. ஆரத்துக்கு அரைவட்டம் வெட்டினால் கட்டைவிரலால் சுழற்றலாம். வருஷப் பெயர் தெரிய முன் அட்டையில் வெட்டும் ஜன்னல், சக்கரத்தின் விளிம்புப் பக்கம் 5.5 மி.மீ. அகலம்தான் இருக்கவேண்டும். 6-ஐத் தாண்டினால் பக்கத்து வருஷம் எட்டிப்பார்க்கும். நடுவில் பித்தளை ஸ்ப்ளிட் பின் (இரண்டு காலையும் விரித்து மடக்கும் ஊசி). முன் அட்டையில் துளை இறுக்கமாகவும் சக்கரத்தில் அரை மி.மீ. பெரிதாகவும் இருக்கட்டும். பின்னின் கால்கள் சக்கரத்தில் உராயாமல் இருக்க நடுவில் 2 செ.மீ. வட்டத்தாள் ஒன்று கோர்த்து, அதன்மேல் கால்களை விரியுங்கள். சக்கரத்துக்கு 250 ஜிஎஸ்எம். மெல்லிய தாள் சுழலும்போது மடங்கும்.

ஒரு கவனம்: தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவது. ஜனவரி முதல் ஏப்ரல் பாதிக்குள் பிறந்தவர்களுக்கு முந்தின வருஷத்தின் பெயர்தான். ஜாதகத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகு அச்சுக்குப் போங்கள்.

வண்ணத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. அட்டையைக் கிழிச்சுப் பார்த்தேன், நடுவில வெள்ளைதான். பள்ளத்தையும் உள்பக்கமா வச்சுத்தான் மடிச்சிருக்கேன். சக்கரம் கட்டாயம் செய்யப்போறேன். 40 அட்டையிலயும் குவில்லிங் பத்தி யாரும் சொல்லலையே? மூலையில மஞ்சள் தடவுறதுக்கும் ஏதாவது கவனிக்கணுமா?

பசைக்கிண்ணம்:

ஒரு பூங்கொத்துக்கு 20 நிமிஷம்னு வச்சாலும் 40-க்கு 13 மணி நேரத்துக்கு மேல ஆகும். அதோட, கவருக்குள்ள அடுக்கும்போது பூ நசுங்கும், அடுத்த அட்டையிலயும் தடம் பதியும். அழைப்பிதழுக்குத் தட்டையான வேலை போதும். முன்பக்கம் ஒரு வளைவு ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கிற தாளோட நிறம் தெரியற மாதிரி விடுங்க. குவில்லிங்கைச் சம்பந்தி வீடு, தாய்மாமன் வீடுன்னு கையில ஏந்திக் கொடுக்கிற நாலைஞ்சு அட்டைக்கு மட்டும் வைங்க, அதுக்குப் பெட்டிக் கவர் போடுங்க.

வேலையை அட்டை அட்டையா முடிக்காதீங்க. முதல்ல எல்லாத்துக்கும் கோடு, அப்புறம் எல்லாத்துக்கும் மடிப்பு, அப்புறம் ஜன்னல், கடைசியில பசை. ஜன்னல் வெட்டும்போது பத்து அட்டைக்கு ஒரு தடவை கட்டர் நுனியை உடைச்சுப் புதுசாக்கிக்கோங்க. மழுங்கின கத்தி வளைவுல தாளைப் பிய்க்கும்.

மஞ்சளைக் கெட்டியா குழைங்க. தண்ணி கூடினா மூலை சுருங்கிடும். மோதிர விரல் நுனியால தொட்ட அளவு போதும். அடர் சிவப்பு அட்டையில மஞ்சள் எடுப்பா தெரியாது, அதனால உள்தாளோட நாலு மூலையில வைங்க. அரை மணி நேரம் திறந்தபடி காய விட்டுக் கவர்ல போடுங்க. கவர் அளவு 5.25-க்கு 7.25 அங்குலம்.