பிரிட்டனில் லிபரல்கள் உண்மையில் என்ன செய்தார்கள்?

கேள்வி: 1906 தேர்தலில் லிபரல் கட்சி பெரும் வெற்றி பெற்று, பத்தே வருடத்தில் நாட்டையே மாற்றிவிட்டது என்கிறார்கள். அவ்வளவு செய்தார்களா?

பதில்: செய்தார்கள். 1909 ஜனவரி 1 அன்று, எழுபது வயதான ஏழைக் கிழவிகள் தபால் ஆபீஸில் வரிசையில் நின்று வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் வாங்கினார்கள். அதுவரை பிள்ளைகள் கைவிட்டால் சொற்ப ஏழை உதவியோ, ஏழை விடுதியோதான் கதி. இதற்கும் போர்க்கப்பலுக்கும் பணம் தேடி நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் பணக்காரர்கள், நிலக்காரர்கள் மேல் வரி போட, நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபை பட்ஜெட்டையே நிராகரித்தது. 1911-ல் பண மசோதாவை (வரி, அரசுச் செலவு பற்றியது)த் தடுக்கும் அதிகாரத்தையே அந்தச் சபையிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

இன்னொருவர் பதில்: சரி, அப்புறம் ஓட்டு கேட்ட பெண்களைச் சிறையில் போட்டு, உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு மூக்கில் ரப்பர் குழாய் செருகி உணவு ஊற்றியதும் இதே அரசுதான். எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

மூன்றாமவர் பதில்: அயர்லாந்தை விட்டுவிட்டீர்களே. 1846-ல் உருளைக்கிழங்கு மறுபடி அழுகிப் பஞ்சம் முற்றியபோது, சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்ற லிபரல் நம்பிக்கையால் பிரதமர் ரஸ்ஸலின் விக் கட்சி (லிபரல் கட்சியின் முன்னோடி) அரசு தானிய ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அந்த நம்பிக்கையைப் பிற்கால லிபரல்கள் தளர்த்தியதால்தான் பென்ஷனே வந்தது.