பத்து நாளுக்கு ஒருமுறை ஃப்ரீசர் முழுவதும் பனிக்கட்டி: கேஸ் நிரப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: காவேரிக்கரை, தஞ்சாவூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 9 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் இருக்கிறது. மாதம் ஒருமுறை டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற அளவில் எந்தத் தொல்லையும் தராமல் இருந்த அது, இந்த ஐப்பசி பிறந்ததிலிருந்து வேறு விதமாக நடந்துகொள்கிறது. பத்து நாள்களுக்குள் ஃப்ரீசரின் எல்லாப் பக்கமும் இரண்டு விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி வளர்ந்து, அதன் சிறு கதவை மூடவே முடியவில்லை. காய்கறிப் பெட்டியைத் தூக்கினால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. புளித்த மாவும் மீனும் கலந்தாற்போன்ற ஒரு வாடை பாலில்கூட ஏறிவிடுகிறது.

பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பியாக வேண்டும் என்று சொல்லிச் சென்றார். என் மாமியாரோ, பழைய வழக்கப்படி கத்தியால் பனிக்கட்டியைப் பெயர்த்துவிடலாம் என்கிறார்; எனக்குத் துணிவு வரவில்லை. மாமனாரின் இன்சுலினும் இதே ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது என்பதால் எதையும் அவசரப்பட்டுச் செய்ய அஞ்சுகிறேன். உண்மையில் பழுது எங்கே இருக்கிறது என்பதையும், சுத்தம் செய்யும் சரியான முறையையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பதில் 1: குளிர்சாதனத் தொழிலாளி, திருச்சி

வணக்கம் அம்மா. 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் உங்கள் மாமியாரிடம் கத்தியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசரின் சுவராக நாம் பார்க்கும் அலுமினியத் தகட்டுக்குள்ளேயேதான் கேஸ் ஓடும் பாதை அமைந்திருக்கிறது. தகடு மெல்லியது, கத்தி முனை ஒரு முறை வழுக்கினால் துளை விழுந்துவிடும். என் பட்டறைக்கு வந்த ஃப்ரீசர்களில் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்துப்பட்டவை ஏராளம். உங்கள் பெட்டியின் பின்புறம் ஒட்டியுள்ள தாளில் ஆர்-600ஏ என்று அச்சிட்டிருந்தால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனெனில் அது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன்.

கேஸ் குறைந்துவிட்டது என்பதை நான் நம்பவில்லை. கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. அடைக்கப்பட்ட குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. எங்காவது கசிவு இருந்தால்தான் குறையும். அப்படிக் குறைந்திருந்தால் ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து, மற்ற பகுதி வெறுமையாகக் கிடக்கும். தண்ணீர் கட்டியாக உறையாது, பால் கெடத் தொடங்கும். நீங்கள் சொல்வதோ எல்லாப் பக்கமும் சீராகத் தடித்த பனி. குளிர் நன்றாகவே உண்டாகிறது, ஆனால் ஈரக்காற்று ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கே அது அடையாளம். மழைக்காலத்துக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால்தான் ஐப்பசியில் இது தெரியத் தொடங்கியிருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவதாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காற்று எங்கே நுழைகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவுக்கும் ரப்பர் கேஸ்கெட்டுக்கும் இடையே பாதி உள்ளே, பாதி வெளியே இருக்குமாறு வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். சிறிது பிடிப்போடு வர வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் நழுவி வந்தால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. கைப்பிடிப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் கீல் இருக்கும் பக்கத்தையும், குறிப்பாகக் கீழ் மூலையையும் சோதியுங்கள். ஒன்பது ஆண்டான கேஸ்கெட் அங்கேதான் முதலில் விறைத்துப்போகும். அழுக்கு மட்டுமே காரணமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் வைத்து அழுத்தினால் ரப்பர் இளகிப் பழைய வடிவுக்கு வரும். கிழிந்தோ விறைத்தோ போயிருந்தால் புதிய கேஸ்கெட் மாற்றுவதுதான் வழி; கேஸ் நிரப்பும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு. பெட்டியின் முன்கால்களைப் பின்கால்களைவிட மிகச் சற்றே உயர்த்தி வைத்தால், பாதி திறந்த கதவு தானாகவே வந்து மூடிக்கொள்ளும்.

இனி பனியை இறக்கும் முறை. பனி 6 மில்லிமீட்டர் தடிமனைத் தொடும்போதே டீஃப்ராஸ்ட் செய்துவிட வேண்டும்; அதற்கு மேல் வளரவிட்டால் பனியே போர்வையாகிக் குளிரை உள்ளே இறங்கவிடாமல் தடுக்க, கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். உங்கள் ஃப்ரீசரில் உள்ள அளவுக்குப் பொத்தான் போதாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியைக் காலிசெய்து, கீழே பழைய துண்டுகளை விரித்து, ஒரு கிண்ணம் வெந்நீரை மடித்த துணியின்மேல் ஃப்ரீசருக்குள் வையுங்கள். மேசை விசிறி இருந்தால் திறந்த கதவுக்கு நேராகச் சற்றுத் தள்ளி வைக்கலாம். தண்ணீர் ஆறியதும் மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பனி பாளம் பாளமாகத் தானே கழன்று விழத் தொடங்கும். முடி உலர்த்தும் கருவியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஈரத்துக்கு நடுவே மின்கருவி ஆபத்து, பிளாஸ்டிக்கும் வளைந்துவிடும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

காய்கறிப் பெட்டிக்கடியில் நிற்கும் தண்ணீர் தனிக் கதை. உள்ளே பின்சுவரின் அடியில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கும். உருகும் தண்ணீர் அதன் வழியாகத்தான் பின்புறத் தட்டுக்குப் போக வேண்டும். ஊசி நீக்கிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி அந்தத் துளைக்குள் மெல்லச் செலுத்துங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம். பின்புறம் கறுப்புக் கம்பிவலை இருந்தால் அதில் படிந்த தூசியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்து உட்புறம் நன்றாக உலர்ந்த பிறகு இயக்கி, இரண்டு மணி நேரம் குளிரவிட்டுப் பொருள்களை அடுக்குங்கள். தெர்மோஸ்டாட்டை உயர்ந்த எண்ணில் வைக்கும் வழக்கம் இருந்தால் நடு எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

---

பதில் 2: செம்பருத்தி, மதுரை

ஐயா சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். வாடையைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டுக் குடும்பத்தின் ஃபிரிட்ஜைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, மெல்லிய துணியால் உட்சுவர், கதவின் அடுக்குகள் அனைத்தையும் துடைத்து, பிறகு வெறும் நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து உலர்த்துங்கள். கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்தவுடன் வெந்நீரில் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். கேஸ்கெட்டின் மடிப்புகளில்தான் கறுப்புப் பூஞ்சை ஒளிந்திருக்கும், அதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால்தான் போகும். பினாயிலையோ பிளீச்சிங் பவுடரையோ உள்ளே கொண்டுபோகவே கூடாது. அந்த நெடியைப் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்டு வாரக்கணக்கில் உணவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எலுமிச்சை மூடியும் காப்பித்தூளும் வாடையை மறைக்குமே தவிர நீக்காது என்பது என் கருத்து. மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அது பெரும்பாலும் மாவுதான். குளிரில் புளிப்பது மெதுவாகுமே தவிர நிற்பதில்லை. பாத்திரத்தின் விளிம்பு வரை நிரப்பினால் மூன்றாம் நாள் பொங்கி வழிந்து, தட்டின் ஓரச் சட்டத்துக்குள் இறங்கி அங்கேயே காய்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். கண்ணாடித் தட்டைச் சட்டத்திலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். மல்லிகைப் பூவை வாழையிலையில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால்தான் பால் மணக்காமல் இருக்கும்.

மீனைக் கழுவி, நீரை முழுவதும் வடித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்த பிறகே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். நெடுநாள் சேமிப்புக்கு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆகவே அதில் மீனை மாதக்கணக்கில் வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். கீரையையும் கொத்தமல்லியையும் ஈரத்தோடு உள்ளே தள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள் சகோதரி. அந்த ஈரமும்தான் ஃப்ரீசரில் போய்ப் பனியாகப் படிகிறது.

---

பதில் 3: களப்பணி, கடலூர்

பொதுச் சுகாதாரத் துறையில் கொசு ஒழிப்புப் பணி செய்பவன் நான். ஐயா குறிப்பிட்ட பின்புறத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. கம்ப்ரசரின் மேல் அமர்ந்திருக்கும் அந்தச் சிறிய தட்டில் விழும் தண்ணீர் கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாகிவிட வேண்டும். இவ்வளவு பனி உருகும் வீட்டில் அது முழுவதும் ஆவியாக வாய்ப்பில்லை. தேங்கிய தெளிந்த நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறப்பதற்கு நம் ஊர் வெப்பத்தில் 7 முதல் 10 நாள்கள் போதும். அதனால்தான் மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் பணியாளர்கள் ஃபிரிட்ஜின் பின்புறத்தைக் காட்டச் சொல்கிறார்கள்.

வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, கம்ப்ரசர் ஆறிய பிறகு தட்டைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸின் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். நாரும் சோப்பும் கொண்டு ஓரங்களை அழுத்தித் தேய்த்தால்தான் அவை போகும்.

---

பதில் 4: மருந்தாளுநர், நாகர்கோவில்

இன்சுலினைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்; உறைந்துவிட்டால், மீண்டும் உருகினாலும் அதைப் பயன்படுத்தவே கூடாது. ஃப்ரீசரைச் சுற்றி இவ்வளவு பனி கட்டும் பெட்டியில், ஃப்ரீசருக்கு நேர்கீழே உள்ள மேல்தட்டு மிகவும் ஆபத்தான இடம். சுவரை ஒட்டாமல், நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். பத்து நாள்களாக அது எங்கே இருந்தது என்று பாருங்கள். உறைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் புதிதாக வாங்கிவிடுவதே பாதுகாப்பு. டீஃப்ராஸ்ட் செய்யும் சில மணி நேரத்துக்கு அண்டை வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வைக்கலாம். ஐஸ் பெட்டியில் வைப்பதானால் பனிக்கட்டி நேரடியாகப் படாதவாறு துணியில் சுற்றி வையுங்கள்.

ஒரு சிறிய வெப்பமானியை வாங்கி நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் போட்டு வைத்துப் பாருங்கள். உணவுக்கும் மருந்துக்கும் 4 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. தெர்மோஸ்டாட்டில் உள்ள எண்கள் டிகிரி அல்ல என்பதையும் பலர் அறிவதில்லை.

---

மீண்டும் காவேரிக்கரை, மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

ரூபாய் நோட்டு கைப்பிடிப் பக்கம் எங்கும் இறுக்கமாகவே நின்றது. கீல் பக்கத்தின் கீழ் மூலையில் தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. வெந்நீர்த் துணி வைத்தும் ரப்பர் இளகவில்லை. அந்த இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல் இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். புதிய கேஸ்கெட் மாற்றினோம். பனி முழுவதும் இறங்க இரண்டரை மணி நேரம் ஆனது, மாமியாரே பொறுமையாக வெந்நீர் மாற்றிக்கொண்டிருந்தார். வடிகால் துளையிலிருந்து அழுகிய கொத்தமல்லித் தண்டு ஒன்று வந்தது. கண்ணாடித் தட்டின் சட்டத்துக்குள் காய்ந்த மாவு, செம்பருத்தி அக்கா சொன்னது போலவே. பின்புறத் தட்டில் புழுக்கள் நெளிந்ததைப் பார்த்தபோது உடல் நடுங்கிவிட்டது. என் மகனுக்கு இரண்டரை வயது. இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தேய்த்துக் கழுவுகிறேன்.

இன்சுலின் மேல்தட்டில், சுவரை ஒட்டித்தான் இருந்தது. இரண்டு குப்பிகளையும் மாற்றிவிட்டோம். வெப்பமானி நடுத்தட்டில் 5 டிகிரி காட்டுகிறது. இருபத்தொரு நாள்களில் ஃப்ரீசரில் படிந்திருப்பது தாள் கனத்துக்கான பனி மட்டுமே. புதிய கேஸ்கெட்டின் மேல் மூலை ஒன்று மட்டும் சற்று மடிந்தே நிற்கிறது. அதற்கு ஏதேனும் செய்ய வேண்டுமா ஐயா?

---

குளிர்சாதனத் தொழிலாளி, திருச்சி

மகிழ்ச்சி அம்மா. பொட்டலமாக மடித்து வந்த கேஸ்கெட்டில் அந்த மடிப்பு இயல்பானது. வெந்நீர்த் துணியால் அந்த மூலையை இளக்கி, விரலால் நேராக்கி, கதவை மூடி ஓர் இரவு விடுங்கள். காந்தப் பட்டையே இழுத்துப் படியவைத்துவிடும். காலையில் அந்த மூலையில் மட்டும் மீண்டும் நோட்டை வைத்துப் பாருங்கள். 5 டிகிரி என்பதை 4-க்குக் கொண்டுவரத் தெர்மோஸ்டாட்டை அரை எண் மட்டும் கூட்டி, ஒரு நாள் கழித்து வெப்பமானியைப் பாருங்கள்.